பாகூர்த் தட்டானும் ஒளியின் உளியும்

பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவை கூறும் கொடையோடு நின்றுவிடுகிறார்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு வழங்கப்பட்டன. தமிழகக் கல்வி வரலாற்றில் இது ஒரு முக்கியமான செய்திதான். ஆனால், அந்த ஏடுகளின் இறுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. எழுத்தை வெட்டியவனின் பெயர் அது. பல்லவர் குடிக்கு வழிவழியாகப் பணிசெய்த பொற்கொல்லர் மரபினன். அவன் பெயரும் நிருபதுங்கன். மன்னனும் தட்டானும் ஒரே பெயருடன் ஒரே செம்பில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

உலோகத்தில் எழுதுவது எளிதன்று. தகட்டை அடித்துச் சமப்படுத்த வேண்டும். எழுத்து தேயாதிருக்க விளிம்பைச் சற்றே உயர்த்துவதும் உண்டு. பிறகு சிற்றுளியால் எழுத்து எழுத்தாக வெட்ட வேண்டும். பனையோலையில் பிழை நேர்ந்தால் ஓலையை மாற்றிவிடலாம். செம்பில் பிழை நேர்ந்தால் அடித்துத் தட்டித்தான் திருத்த வேண்டும். வடமொழிச் செய்யுளுக்குக் கிரந்தம், கொடை விவரத்துக்குத் தமிழ் என இருவகை எழுத்தும் வெட்டத் தெரிந்த கை அது. 1879இல் அந்த ஏடுகள் வெளிப்பட்டபோது, ஆயிரம் ஆண்டு கழித்தும் அவற்றைப் படிக்க முடிந்தது.

அரசாணைக்குரிய இக்கலை பிற்காலத்தில் வீட்டுப் பாத்திரங்களுக்கு இறங்கி வந்தது. பித்தளைக் குடத்திலும் சீர்வரிசைத் தாம்பாளத்திலும் உளிகொண்டு பெயர் வெட்டினார்கள். எவர்சில்வர் வந்தபின், பாத்திரக் கடைகளில் அதிரும் ஊசி கொண்ட மின்கருவியால் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்துத் தந்தார்கள். சொத்துப் பத்திரங்களில் பெயர் ஏறாத எத்தனையோ பெண்களின் பெயர்கள் உலோகத்தில் நிலைபெற்றது இவ்வழியாகத்தான்.

உளிக்கு அடுத்து வந்தது ஒளி. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964இல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சந்திரகுமார் பட்டேல், பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். மரம், தோல், பிளாஸ்டிக் போன்றவற்றில் எழுத்துப் பொறிக்க இன்றும் அவ்வகை பயன்படுகிறது. உலோகத்துக்கு இன்று பெரிதும் உதவுவது இழை லேசர். ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போன்ற குறுகிய துடிப்புகளாக ஒளி பாய்கிறது. விரைந்து அசையும் இரு சிறு கண்ணாடிகள் அதை எழுத்தின் வடிவில் நடத்துகின்றன. பட்ட இடத்தில் உலோகம் உருகி ஆவியாகிறது, அல்லது நிறம் மாறுகிறது. கருவி பொருளைத் தொடுவதே இல்லை. பொன்னும் செம்பும் அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் உலோகங்கள். நிருபதுங்கனின் உளிக்கு இசைந்து கொடுத்த செம்பு ஒளிக்கு அவ்வளவு எளிதில் இசைவதில்லை. துடிப்பின் உச்ச வலிமையே அந்த எதிர்ப்பை வெல்கிறது.

இந்த ஒளி இன்று பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் நகைப்பெட்டி வரை வந்துவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000இல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. அப்போது தரமுத்திரை, தூய்மை எண் ஆகியவற்றுடன் சோதனை மையத்தின் குறியும் நகைக்கடையின் குறியும் நகையிலேயே இருந்தன. 2021இல் இம்முறை மாறியது. இப்போது தரமுத்திரையும் தூய்மை எண்ணும் இருக்க, மற்றவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான ஆறிலக்க எண்ணெழுத்துக் குறி ஒன்று லேசரால் பொறிக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் இக்குறியில்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாத கலப்படத்தால் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் சிறுகச் சிறுகச் சேர்த்து நகை வாங்கிய எளிய மக்கள். அடகு வைக்கும் நாளில்தான் அவர்களுக்கு உண்மை தெரியவரும். இன்று கைப்பேசியில் அந்த எண்ணைத் தட்டினால் கடையின் பதிவும் தூய்மையும் தெரிந்துவிடுகின்றன. பழங்காலத்தை இந்த விஷயத்தில் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. போலிச் செப்பேடுகள் அன்றும் இருந்தன. வளையத்தில் கோத்து அரச இலச்சினையிட்டதும் ஒருவகை ஹால்மார்க்தான்.

எனினும் ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. செப்பேடு தன் பொருளைத் தன்னுள்ளேயே சுமக்கிறது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், யார் வெட்டினார் என்பதெல்லாம் அந்தத் தகட்டிலேயே உண்டு. ஆறிலக்கக் குறியோ ஒரு திறவுகோல் மட்டுமே; பொருள் வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. அந்தப் பதிவேடு அழிந்தால், பொன்னில் எஞ்சும் ஆறு எழுத்துகள் எதையும் சொல்லா. இரண்டாவது வேறுபாடு இன்னும் கசப்பானது. அந்தக் குறி நகையை விற்ற கடையைக் காட்டும். சோதித்த மையத்தைக் காட்டும். கம்பி இழுத்துப் பொடி வைத்து ஊதிச் செய்த பத்தரை அது காட்டாது.

கிருமாம்பாக்கத்திலும் சேதராப்பட்டிலும் இன்று தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. இன்று பல தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்கள் எண்களைச் சுமந்தே வெளியேறுகின்றன. பழுது நேர்ந்தால் எந்த நாளில் எந்த இயந்திரத்தில் உருவானது என்று தேடிச் செல்வதற்காக அந்த எண்கள். பிழையைத் தேடிச் செல்ல வழி வைத்திருக்கும் நம் காலம், செய்தவனின் பெருமையைத் தேடிச் செல்ல வழி வைக்கவில்லை. மன்னனின் ஆணையை வெட்டிய தட்டான் தன் பெயரையும் வெட்டிக்கொள்ள 9ஆம் நூற்றாண்டு இடம் தந்திருக்கிறது. ஒளியின் உளிக்கு இன்னும் ஒரு பெயரை எழுத அரை நொடிகூட ஆகாது. இடமில்லை என்று சொல்வது உலோகமன்று, நாம்தான்.