துணியால் மூடிய பாராளுமன்றம்

1995 ஜூன் இறுதியில் பேர்லின் நகரின் றைக்ஸ்ராக் கட்டடம் வெள்ளி நிறத் துணிக்குள் மறைந்துபோனது. ஒரு இலட்சம் சதுர மீற்றருக்கும் அதிகமான துணி. 15 கிலோமீற்றருக்கு மேல் நீலக் கயிறு. இருந்தது 14 நாட்கள் மாத்திரமே. பார்த்துச் சென்றோர் சுமார் 50 இலட்சம் பேர்.

இதனைச் செய்தவர்கள் கிறிஸ்ரோ, ஜீன் குளோட் தம்பதியர். இருவரும் 1935 ஜூன் 13 என்னும் ஒரே நாளில் பிறந்தவர்கள்; அவர் பல்கேரியாவில், அம்மையார் மொறோக்கோவில். கம்யூனிச ஆட்சியிலிருந்து 1957இல் தப்பி வந்து நாடற்றவராக வாழ்ந்த ஒருவரின் கண், கிழக்கும் மேற்கும் முட்டிக்கொண்டு நின்ற அக்கட்டடத்தின்மீது விழுந்ததில் வியப்பில்லை. எண்ணம் உதித்தது 1971இல். அப்போது பேர்லின் சுவர் அதன் பின்புறத்தை ஒட்டியே சென்றது. மூன்று தடவை அனுமதி மறுக்கப்பட்டது. சுவர் வீழ்ந்த பின்னரும் சான்சிலர் ஹெல்முட் கோல் எதிர்த்தார். ஈற்றில் 1994 பெப்ரவரி 25இல் பாராளுமன்றமே விவாதித்து வாக்களித்தது. ஆதரவு 292, எதிர்ப்பு 223. இன்னும் உருவாகாத கலைப்படைப்பு ஒன்றுக்காக ஒரு நாட்டின் பாராளுமன்றம் வாக்கெடுத்ததை நான் வேறெங்கும் அறியேன்.

அரசிடம் அவர்கள் ஒரு சதமேனும் பெறவில்லை. தம் முன்வரைபுகளை விற்றே செலவு முழுவதையும் ஈடுசெய்தனர்.

ஜூலை 7இல் துணியை அகற்றத் தொடங்கினர். பின்னரே கட்டடம் புனரமைக்கப்பட்டு, 1999இல் ஜேர்மன் பாராளுமன்றம் அங்கு குடிபுகுந்தது.