பரணியில் பேயும் கூழும்

அச்சமும் அருவருப்பும் ஊட்டும் கதைகளை இளைஞர் விரும்பிப் படிப்பதைக் கண்டு, இது மேனாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று வருந்துவோர் உளர். ஆங்கிலத்தில் இவ்வகைப் புதினங்களுக்கு முன்னோடியாகக் கருதப்பெறும் ‘ஒட்ராண்டோ கோட்டை’ வெளிவந்தது 1764ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னரே, அதனினும் கொடிய காட்சிகள் சோழநாட்டில் பாடப்பெற்றன. அவற்றைத் தாங்கிய நூல் செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி.

நம் முன்னோர் இவ்வுணர்ச்சிகளை இலக்கியத்திற்குப் புறம்பாக வைக்கவில்லை. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் நகைக்கும் உவகைக்கும் உள்ள இடம் அச்சத்திற்கும் இளிவரலுக்கும் உண்டு. போர்த் தெய்வமும் சோழர்க்குப் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயன் அங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன.

கி.பி. 1110ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதற் குலோத்துங்கன் கலிங்கத்தின்மீது படையனுப்பினான். அப்படையை நடத்திய கருணாகரத் தொண்டைமான், காவிரி நாட்டின் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சார்ந்தவன். அவ்வெற்றியே பரணியின் பொருள். ஆயினும் நூலில் நம் கண்முன் நிற்பவை பசித்த பேய்களே. போர் முடிந்ததும் அவை காளியுடன் களத்தில் இறங்குகின்றன. யானைக் கொம்பினால் பல் விளக்கிக் குருதியில் நீராடுகின்றன. பின்னர்க் கூழ் சமைக்கத் தொடங்குகின்றன. இறந்தோரின் பற்களே அரிசி, முரசங்களே உரல், யானைக் கொம்புகளே உலக்கை. குற்றும்போது சோழனைப் புகழ்ந்து வள்ளைப்பாட்டும் பாடுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், விருந்துப் பேய், கனாக் கண்ட பேய் என்று பந்தியமர்ந்தோர்க்கு முறையே கூழ் வார்க்கப்படுகின்றது.

இதனைக் கேட்டவர் யார்? நெல் விளையும் நாட்டினர். உரலும் உலக்கையும் பந்தியும் நாள்தோறும் கண்டவர். தம் அடுக்களை களத்தில் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டு அவர்கள் நடுங்கியிருப்பர், உடனே நகைத்துமிருப்பர். இதுவே புலவரின் ஆற்றல். அறியாத பொருளினும், அறிந்த பொருள் உருமாறி வரும்போது அச்சம் பெரிதாகின்றது.

ஆனால் அந்நகைப்பில் ஒன்று மறைந்துபோகின்றது. அரிசியாகிய பற்கள் யாருடையவை? தோற்ற கலிங்கர்க்கு நூலில் துயரில்லை. அவர்கள் மாற்றுவேடம் பூண்டு ஓடுவதும் நகைச்சுவையாகின்றது. வரலாறோ வேறு செய்திகளையும் கூறுகின்றது. கலிங்க வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கன், சோழ குலத்து இராசசுந்தரியின் மகன். பெயரிலேயே சோழத் தொடர்பு உடையவன். தோல்விக்குப் பின்னும் அவன் முப்பது ஆண்டுகளுக்குமேல் அரசு செலுத்தினான். பூரி சகந்நாதர் பெருங்கோயிலைத் தொடங்கியவனும் அவனே.

அதே கலிங்கத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகனும் போர் புரிந்தான். மாண்டோர் ஓரிலட்சம், சிறைபிடித்துச் செல்லப்பட்டோர் ஒன்றரை இலட்சம் என்று எண்ணிச் சொல்லி, தான் வருந்தியதைத் தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தான். கலிங்கத்துத் தௌலியிலும் சௌகடாவிலும் அக்கல்வெட்டைப் பொறிக்காமல் விட்டான் என்பதும் நாம் நினைக்கத்தக்கது. வருந்திய வேந்தனும், அவ்வருத்தத்தை அடிபட்டவர் முன் வைக்கத் துணிந்திலன் போலும்.

ஆகவே மாணவர்கள் கொடுங்காட்சி நிறைந்த நூல்களைக் கண்டு ஒதுங்க வேண்டுவதில்லை. பரணியைப் படியுங்கள், அதன் சந்தத்தையும் நகையையும் சுவையுங்கள். பேய்கள் பந்தியில் அமரும் இடம் வரும்போது சிறிது நின்று, அக்களத்தில் வீழ்ந்தவன் எந்த ஊரினன், அவனுக்காக அழுதவர் யார் என்று கேளுங்கள். புலவர் பாடாது விட்ட அவ்வினாவை எழுப்புவது வரலாறு கற்போர் கடன்.