எழுத்துப் பயிற்சியின் படிமுறை

எழுதப் பழகும் மாணவனுக்கு ஆசிரியர் எத்தகைய பயிற்சிகளைக் கொடுத்தல் வேண்டும்? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கரும் உரோமரும் இதனை ஆராய்ந்து ஒரு முறையை வகுத்திருந்தனர். வழக்கு மன்றிலும் பொது அவையிலும் பேச வல்லவனே அக்காலத்தில் உயர்வு பெற்றான். அவ்வன்மைக்கு அடிகோலிய எழுத்துப் பயிற்சிகளைக் கிரேக்கர் 'முற்பயிற்சிகள்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர்.

இப்பயிற்சிகளை விளக்கும் கைந்நூல்களுட் பெரும்புகழ் பெற்றது, கி.பி. 4ஆம் நூற்றாண்டினரான அப்தோனியசு இயற்றியது. அதன்கண் 14 பயிற்சிகள், எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. ஒவ்வொன்றற்கும் இலக்கணமும், மாதிரிக் கட்டுரையும் உண்டு.

மாணவன் முதலில் நீதிக்கதையொன்றைத் தன் சொற்களால் எழுதுவான். அடுத்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைப்பான். பின்னர்ச் சான்றோர் ஒருவரின் வாய்மொழியை எடுத்துக்கொண்டு, காரணம், மறுதலை, உவமை, எடுத்துக்காட்டு முதலிய தலைப்புக்களில் அதனை விரிப்பான். 'யாது எழுதுவது?' எனத் திகைக்கும் பிள்ளைக்கு அத்தலைப்புக்கள் ஊன்றுகோலாயின.

அடுத்த படி சற்றுக் கடினமானது. தாப்னே என்னும் நங்கை மரமாக மாறிய புராணக்கதை நம்பத்தக்கதன்று என ஒரு கட்டுரையில் மறுக்கும் அப்தோனியசு, அதே கதையை அடுத்த கட்டுரையில் நிறுவுகின்றார். ஒரு பொருளின் இரு பக்கமும் நின்று நோக்க மாணவன் இதனாற் பழகினான். வேறொரு பயிற்சியில், பிள்ளைகளை இழந்த நியோபே என்னும் தாய் யாது கூறிப் புலம்பியிருப்பாள் என எழுதல் வேண்டும். பிறர் நெஞ்சினுட் புகுந்து பேசும் பயிற்சி அது. 'மணம் புரிதல் வேண்டுமா?' என்பது போன்ற பொது வினாவை ஆராய்வதும், சட்டமொன்றைப் பற்றி வாதிடுவதும் இறுதிப் படிகளாகும்.

ஆயினும், படிகள் செம்மையாய் அமைந்தால் மட்டும் போதுமா? திருத்துகின்ற கையும் செம்மையாய் அமைதல் வேண்டும். இதனை நன்குணர்ந்தவர், அப்தோனியசுக்கு முற்பட்டவராகிய குயின்றிலியன். ஸ்பானிய நாட்டிற் பிறந்து, உரோமாபுரியில் 20 ஆண்டுகள் கற்பித்த அப்பேராசிரியர், கி.பி. 95ஆம் ஆண்டளவில் 12 பாகங்கள் கொண்ட கல்வி நூலொன்றை இயற்றினார். இளையோர் எழுத்திற் சொற்பெருக்கு மிகுவது பெருங்குற்றமன்று. மிகுதியைக் குறைப்பது எளிது, வறட்சிக்கோ மருந்தில்லை என்பது அவர் கொள்கை. கடுமையாகத் திருத்தினால் மாணவன் அஞ்சி, எழுதும் முயற்சியையே கைவிடுவான். இளந்தளிரிற் கத்தியை வையாத உழவரை அவர் இதற்கு உவமை காட்டினார். எழுதுவதற்கு மெழுகுப் பலகையே ஏற்றது, அதில் அழித்தல் எளிது என்றார். பின்னர்த் தோன்றும் எண்ணங்களுக்காக வெற்றிடம் விடுமாறும் பணித்தார். பிழைபடவும், பிழையைத் தானே திருத்தவும் மாணவனுக்கு உரிமை தந்த ஆசிரியர் அவர்.

அப்தோனியசின் நூல் இலத்தீனிற் பெயர்க்கப்பட்டு, 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பள்ளிகளிற் பரவியது. எனினும் எந்த முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. தலைப்புக்களை நிரப்பினாற் போதும், மாதிரியைப் பார்த்து எழுதினாற் போதும் என்னும் நிலை வருமாயின், பயிற்சி வெறுஞ் சடங்காகிவிடும்.

ஒரே வகையான கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுதுவித்து, சிவப்பு மையாற் கோடிடுவது எழுத்துப் பயிற்சி ஆகாது. கதை சொல்லவும், மறுக்கவும், நிறுவவும், பிறர் துயரைத் தன் துயராக எண்ணவும் பழகிய மாணவனே எழுத வல்லவனாவான். ஏறுவதற்குப் படி வேண்டும். ஏறுகின்ற பிள்ளை அஞ்சாதிருக்க அன்பும் வேண்டும்.