ஹால்ஸ்டாட், மியூரன்: பேருந்து போகும் ஊரும் போகாத ஊரும்

ஐரோப்பிய ஏரிகளையும் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களையும் பேருந்தில் சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்களில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் அநேகமாக இடம்பெற்றுவிடும். சுவிட்சர்லாந்தின் மியூரன் எப்போதாவதுதான் தலைகாட்டும். அழகில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. இரண்டிலும் எண்ணூறு பேருக்கும் குறைவாகத்தான் வசிக்கிறார்கள். ஆனால் ஹால்ஸ்டாட்டின் வாசல்வரை பேருந்து போகும். மியூரனுக்கு அப்படிப் போக வழியே கிடையாது. இந்த ஊர்களுக்கு இன்று நேர்ந்திருப்பதில் பெரும்பகுதியை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஹால்ஸ்டாட்டும் ஒருகாலத்தில் சாலை இல்லாத ஊர்தான். ஏரிக்கும் செங்குத்தான மலைக்கும் நடுவே கிடைத்த சிறு விளிம்பில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. 1890 வாக்கில் ஏரிக்கரையோரம் சாலை போடும்வரை படகில் வரவேண்டும். இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதையில் நடந்து வரவேண்டும். ரயில் நிலையம் இன்றும் ஏரியின் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. ரயிலில் வருபவர்கள் அங்கிருந்து படகேறி ஊருக்குள் வருகிறார்கள். பேருந்தில் வருபவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இது: கோபுரமும் மர வீடுகளும் தண்ணீருக்கு அப்பாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும் காட்சி. 1960களில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்தார்கள். வாகனங்கள் ஊரின் குறுகிய தெருவில் சிக்காமல் மலைக்குள்ளேயே கடந்துபோக வழி கிடைத்தது. பெரிய பேருந்துகள் தெற்கே லான் பகுதியில் ஆட்களை இறக்கிவிடுகின்றன.

வரலாற்றில் எவ்வளவு ஆழமான ஊரில் இறங்குகிறோம் என்பது அப்படி இறங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. மேலே மலையில் இருக்கும் உப்புச் சுரங்கத்தில் ஏழாயிரம் ஆண்டுகளாக மனிதன் உப்பெடுத்திருக்கிறான். 1846இல் சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சாவர் அங்கே ஒரு தொல்பழங்கால இடுகாட்டைக் கண்டுபிடித்து, அடுத்த பதினேழு ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் கல்லறைகளைத் தோண்டி ஆராய்ந்தார். ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலப் பண்பாட்டை உலகெங்கும் இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். உப்பு எதையும் அழுகவிடாது. அதனால் வெண்கலக் காலத்தில் செய்த மரப் படிக்கட்டு ஒன்று சுரங்கத்துக்குள் சிதையாமல் கிடைத்தது. 1997இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மேட்டில் உள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தின் பக்கத்தில் ஒரு சிறு எலும்பறை இருக்கிறது. ஹால்ஸ்டாட்டில் கட்டாயம் பார்க்கவேண்டியது எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். இடுகாட்டுக்கு இடம் போதாத ஊர் என்பதால், சில ஆண்டுகள் கழித்துப் புதைகுழியைத் திறந்து எலும்புகளை எடுத்து, மண்டை ஓட்டை வெயிலில் வெளுக்கவைத்து, அதன்மேல் இறந்தவரின் பெயரை எழுதிப் பூவும் இலையும் வரைந்துவந்தார்கள். ஆயிரத்து இருநூறு மண்டை ஓடுகளில் பாதிக்குமேல் இப்படி வண்ணம் தீட்டியவை. நெற்றியைச் சுற்றி ரோஜா மாலை, ஐவிக் கொடி, கருவாலி இலை. ஒரே குடும்பத்தார் பக்கம் பக்கமாக. கடைசியாக 1995இல் வைக்கப்பட்டது ஒரு பெண்ணின் மண்டை ஓடு. அதில் தங்கப்பல் இன்னும் மின்னுகிறது. சின்ன அறைதான். ஆனால் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனால் நேரம் போவதே தெரியாது.

அந்த நேரம்தான் பேருந்துப் பயணிக்குக் கிடைப்பதில்லை. கொரோனாவுக்கு முன் உச்ச நாட்களில் பத்தாயிரம் பேர்வரை இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். வருவார்கள், ஊரின் வடக்கு முனையில் எல்லோரும் படமெடுக்கும் அந்த ஒரே இடத்தில் நின்று படமெடுப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள், கிளம்பிவிடுவார்கள். 2012இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த ஊரின் நகலையே கட்டித் திறந்தபின் அசலைப் பார்க்கும் ஆர்வம் இன்னும் கூடியது. 2020 முதல் பேருந்துகள் முன்பதிவு செய்துகொண்டுதான் வரவேண்டும், வந்தால் குறைந்தது இரண்டரை மணி நேரமாவது நிற்கவேண்டும் என்று ஊராட்சி விதி கொண்டுவந்தது. வரும் பேருந்துகளைக் குறைப்பதோடு, வந்தவர்களைச் சற்று நேரம் தங்கவும் வைக்கும் நல்ல விதி இது. ஆனாலும் சுரங்கத்துக்கு ஏறி, சுற்றிப் பார்த்து இறங்க மூன்று மணி நேரமாவது வேண்டும். இரண்டரை மணியில் அது முடியாது. 2023 மே மாதத்தில் படமெடுக்கும் இடத்தை மறைத்து மரத்தடுப்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்மக்களே சுரங்கப்பாதையை மறித்துப் போராடினார்கள்.

பயண நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது. பொதுவாகத் தினமும் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு. உயிர்காக்கும் இந்த விதிகளில் கைவைக்க முடியாது, கைவைக்கவும் கூடாது. ஆகவே காலையில் சால்ஸ்பர்க், இரவு இன்ஸ்புருக் என்று அட்டவணையை இழுத்துப் பிடித்தால் நடுவில் உள்ள ஊரின் நேரம்தான் வெட்டுப்படும்.

மியூரனுக்கு வருவோம். இன்டர்லாகனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் லாட்டர்புருன்னன். இருபுறமும் சுவர்போல எழும் பாறைகள், 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவி. பேருந்து இந்தப் பள்ளத்தாக்கோடு நின்றுவிடும். மியூரன் இருப்பது மேற்குப் பாறையின் உச்சியில், 1,638 மீட்டர் உயரத்தில். லாட்டர்புருன்னனிலிருந்து ரோப் காரில் குரூச்சால்ப் ஏறி, அங்கிருந்து 1891இல் தொடங்கிய சிறு ரயிலில் போகலாம். பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள ஸ்டெக்கல்பர்க்கிலிருந்தும் ரோப் கார் உண்டு. மேலே போனதும் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களும் எதிரே நிற்கின்றன.

குரூச்சால்ப் ரோப் காரில் பயணிகளின் காலடிக்குக் கீழே சரக்கு மேடை ஒன்று தொங்குகிறது. பால், காய்கறி, மெத்தை, சிமென்ட் எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. குப்பை அதே வழியில் இறங்குகிறது. காற்று பலமாக வீசினால் ரோப் கார் ஓடாது. மேலே எந்தப் பொருளின் விலையிலும் இந்தச் சுமைகூலி சேர்ந்தே இருக்கும். சாலை இல்லாததற்கு மியூரன் மக்கள் அன்றாடம் கொடுக்கும் விலை இது. கீழேயிருந்து அழகை ரசிப்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

வரலாற்றின் வயதில் மியூரன் ஹால்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. மாடு மேய்த்த ஊர்; பிறகு ஆங்கிலேயர் வந்து பனிச்சறுக்கு ஊராக்கினார்கள். 1922இல் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர் இங்கேதான் நவீன ஸ்லாலம் போட்டியை வடிவமைத்தார். 1931இல் முதல் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகப் போட்டியும் இங்கே நடந்தது. 1969இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றுக்காக மேலேயுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்தின் சுழலும் உணவகத்தில் படப்பிடிப்பு நடத்தினார்கள். அந்தப் புகழுக்கே ஊர் நசுங்கியிருக்க வேண்டும். நசுங்கவில்லை. ரோப் கார் கூண்டு எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேர்தான் ஒரு தடவைக்கு வரமுடியும். அதில் வருகிற ஒவ்வொருவரும் கட்டணம் கொடுத்தே வரமுடியும். ஹால்ஸ்டாட் முன்பதிவு, விதி, தடுப்பு என்று போராடிப் பெறப்பார்க்கும் கட்டுப்பாட்டை மியூரனுக்குப் பாறையே கொடுத்துவிட்டது.

மியூரனுக்கு அருகிலேயே இதற்கு எதிர்ச்சாட்சி உண்டு. பிரியன்ஸ் ஏரிக்கரையில் உள்ள இசெல்ட்வால்ட் சாலை போகும் சிற்றூர். கொரியத் தொடர் ஒன்றில் அதன் படகுத்துறை காட்டப்பட்டதும் கூட்டம் தாங்காமல் போய், 2023இல் அந்தத் துறைக்கே கதவு போட்டு ஐந்து ஃபிராங்க் வாங்கத் தொடங்கினார்கள்.

மியூரனுக்கும் சோதனை வரலாம். 2024 டிசம்பரில் ஸ்டெக்கல்பர்க்கிலிருந்து நேராக மியூரனுக்கு ஏறும் புதிய ரோப் கார் ஓடத் தொடங்கியது. உலகிலேயே மிகச் செங்குத்தான ரோப் கார் என்கிறார்கள். சில நிமிடங்களில் மேலே கொண்டுசேர்த்துவிடுகிறது. பாறை போட்ட தடை இதனால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பதே என் கவலை.

ஆழம் என்று பார்த்தால் ஹால்ஸ்டாட்டுக்கே என் ஓட்டு. ஆனால் பேருந்துப் பயணத்தில் அந்த ஆழம் கைக்கு எட்டாது. மியூரனில் அரை நாள் கிடைத்தாலே ஊரைப் பார்த்த நிறைவு வந்துவிடும். பணம் கட்டுமுன் பயண நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், இரவு எங்கே தங்கவைப்பீர்கள்? ஹால்ஸ்டாட்டுக்கு இரண்டரை மணிதான் என்றால், இன்னொரு நகரத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஏரிக்கரையிலோ பக்கத்து ஒபர்ட்ராவுனிலோ ஓர் இரவு தங்கவைக்கச் சொல்லுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அட்டவணையை மாற்றித் தரக்கூடும்.