செண்பகத்தோப்பு: மலையிறங்கிய பளியரும் இடப்பெயர்வுச் சான்றும்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பு. தேனும் கிழங்கும் தேடி மலைக்குள் இடம்மாறி வாழ்ந்தவர்கள் கீழிறங்கி நிலைகொண்ட ஊர் இது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரெல்லையைக் கடப்பதையே இடப்பெயர்வாகக் கொள்வதால், இச்சிறு தொலைவு அதில் பதிவாவது அரிது. எனினும் 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட இக்காட்டில், முன்னர் எங்கு வாழ்ந்தனர் என்பதே உரிமைக்கு அடிப்படையாகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சான்று கோருகிறது. பட்டா இல்லாதோர்க்கு, எழுத்தில் பதியப்பெற்ற முதியோர் வாக்குமூலத்தையும் அதன் விதிகள் சான்றாக ஏற்கின்றன. நாட்டார் வழக்காற்றியலார் வெறும் வாய்மொழித் தரவாக அடுக்கிவைக்கும் பாறை, ஓடைப் பெயர்கள் இங்கு நிலவியல் ஆவணங்களாகின்றன. அவற்றைக் கிராமசபை முன் வைக்கத்தக்க வடிவில், அம்முதியோர் வாழும் காலத்திலேயே தொகுத்தாக வேண்டும்.