வடக்கே தள்ளப்படும் தூசி

சென்னை உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் கறுப்பர் நகரம் இருந்தது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி நெசவாளர்களும் வியாபாரிகளும் கூலிகளும் வாழ்ந்த தெருக்கள். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலருகே இருந்த வீடுகளை இடித்தார்கள். எதிரி மறைய இடம் இருக்கக் கூடாது என்பது காரணம். 1749இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் வீடுகளைத் திருப்பித் தரவில்லை. மிச்சத்தையும் இடித்துத் திறந்தவெளியாக்கினார்கள். குடியிருந்தவர்கள் இன்னும் வடக்கே போனார்கள். அவர்களுடைய புதிய கறுப்பர் நகரம்தான் பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. மேற்கிலும் தெற்கிலும் துரைமார்களின் தோட்ட வீடுகள் பரவின.

நகரத்தின் காற்று அன்றே பங்கிடப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். அதன்பின் வந்தவை எல்லாம் அந்தக் கோட்டின்மீதே வந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகமும் பெரம்பூரில் பின்னி மில்லும். 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதைச் சுற்றி உரம், ரசாயனம். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு வல்லூர். துறைமுகமும் ரயில் பாதையும் அருகே இருக்கின்றன, நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீர் இருக்கிறது, நிலம் மலிவு என்று காரணங்கள் சொல்லப்படும். நிலம் ஏன் மலிவு என்பதற்குத்தான் 1746வரை போக வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவளுக்கு நிலத்தை வகை பிரிப்பது புதிதல்ல. திணை நிலத்தை அங்கே வாழ்பவர்களின் தொழிலோடும் உணவோடும் சேர்த்துப் பெயரிட்டது. 2008இன் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ‘சிறப்பு மற்றும் அபாயகரமான தொழிற்சாலைப் பகுதி’ என்று ஒரு வகை உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கம் அந்த வகை விழுந்திருக்கிறது. மீனவக் குப்பங்கள் அனல்மின் நிலையங்களுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது.

2011இல் நடந்தது இந்த வரலாற்றை ஒரே இடத்தில் காட்டுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவதை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றத்துக்கு எதிரேதான் துறைமுகம். ராயபுரத்துப் பெண்கள் மொட்டைமாடியில் வடகம் காயவைக்க முடிந்ததென்றால் எனக்கு மகிழ்ச்சியே. தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் நிலக்கரி இறங்குவது நிற்கவில்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பழைய கறுப்பர் நகரத்தின் நிலத்திலிருந்து பிறந்த உத்தரவு, தூசியை இன்னும் வடக்கே அனுப்பியது.

தூசி வந்து சேரும் இடத்தில் அதை யார் துடைக்கிறார்கள்? பகலில் கடற்காற்று கரையிலிருந்து ஊருக்குள் வீசுகிறது. கரையில் இருக்கும் புகைபோக்கியின் புகையும் குவித்துவைத்த நிலக்கரியின் தூளும் அதோடு வருகின்றன. கொடியில் காயும் துணியை உதறுவது, தண்ணீர்க் குடத்தை மூடிவைப்பது, கருவாட்டைப் புரட்டித் தட்டுவது, ஒரு நாளில் மூன்றாவது முறை தரையைத் துடைப்பது, இரவில் இழுப்பு வந்த பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைப்பது. இவற்றுக்குக் கூலி இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றில் இறால் தடவும் பெண்களுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் அதே சாம்பல்தான்.

நுண்துகள் அளவுக்கு இந்தியாவின் ஆண்டு சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு 5. இரண்டுமே சராசரிகள். அடுப்படியில் நின்று, வாசலில் கூட்டி, ஆலைப் புகையையும் அடுப்புப் புகையையும் ஒரே மூச்சில் இழுப்பவளின் நாள் எந்தச் சராசரியிலும் தனியாகத் தெரியாது.

எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அந்த வளாகத்திலேயே 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் இருக்கிறது. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டமும் வருகிறது. இவற்றுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால், மீன்கூடை தூக்கும் பெண்கள் அந்நேரம் சந்தையில் இருப்பார்கள். மாலையில் வையுங்கள், குப்பத்திலேயே வையுங்கள், வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள்.