காரைக்காலும் கடல் கடந்த குரலும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த சிறு நகரம் காரைக்கால். 1739-ஆம் ஆண்டில் அது தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. 1954 நவம்பர் 1 அன்று நிருவாக முறையிலும், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்ட முறையிலும் இந்தியாவோடு இணைந்தது. இவற்றையெல்லாம் மாணவர்கள் பாடநூல்களில் கற்றிருப்பீர்கள். பாடநூலில் காணாத வரலாறு ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. கப்பலேறிப் போன மகனிடமிருந்து செய்தி வருமா என்று திண்ணையில் அமர்ந்து வழி பார்த்திருந்த முதியோரின் வரலாறு அது. ஆளுநர்களையும் உடன்படிக்கைகளையும் வரிசைப்படுத்தும் நூல்களில் அவர்களுக்கு இடமில்லை.

1853 மே 6 அன்று ‘ஒரேலி’ என்னும் கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து கூலியாட்களை ஏற்றிச் சென்று மார்த்தினிக் தீவை அடைந்தது. அதன்பின் பல்லாயிரவர் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போயினர். பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம் அது. போனவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியார். வீட்டிலிருந்த பெற்றோரும் எழுத்தறியார். செய்தி என்பது, திரும்பி வந்த யாரோ ஒருவர் வாயால் சொல்வதுதான். அவர் வரவில்லையேல் செய்தியும் இல்லை.

நீராவிக் கப்பல் இந்நிலையை மாற்றியது. 1862-இல் மார்செய் துறைமுகத்திலிருந்து சைகோனுக்குப் பிரெஞ்சுத் தபால் கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கவே வழியும் சுருங்கிற்று. காரைக்கால் மக்கள் சைகோனில் எழுத்தராகவும் காவலராகவும் பணியாற்றினர். மரக்காயர் வணிகர் பலர் அங்கே கடை வைத்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நகரின் நடுவே 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும், அதே ஆண்டில் அங்கிருந்து சைகோனுக்கும் கடலடித் தந்திக் கம்பி சென்றது. ஆனால் தந்தி ஏழைக்கு எட்டாத விலை. சாவுச் செய்தி ஒன்றுக்கே அதை நாடுவர் என்பதால், தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்களாம்.

ஆகவே நெடுங்காலம் கடிதமே துணையாயிற்று. கடிதம் வந்தால் போதுமா? அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பள்ளி ஆசிரியரோ, தபால்காரரோ, பக்கத்து வீட்டுப் பையனோ படிப்பான். படிப்பவன் மறைத்தது மறைந்தது; கூட்டிச் சொன்னது மெய்யாயிற்று. கடலைக் கடந்து ஆயிரக்கணக்கான மைல் வந்த சொல், திண்ணையிலிருந்து காதுக்குப் போகும் கடைசி நான்கு முழத்தில் இன்னொருவர் தயவை நம்பியிருந்தது. நான் சொல்ல வந்த வரலாற்றின் உயிர்நிலை இந்த நான்கு முழமே.

1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சுக்குச் சென்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியோரை ‘சொல்தா’ என்று ஊரார் அழைத்தனர். அவர்கள் ஓய்வூதியம் தடையின்றி வர, ஆண்டுதோறும் ‘உயிருடன் இருக்கிறேன்’ என்று சான்று அனுப்ப வேண்டும். மூச்சு விடுகிற மனிதன் அதற்குக் காகிதத்தில் சாட்சி தேடுவது விந்தைதான். ஆயினும் அந்தக் காகிதம் பிந்தினால் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன.

தொலைபேசி வந்த கதையை விரைந்து கடப்போம். 1976-இல் மும்பையிலிருந்து இலண்டனுக்கு நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. பின்னர்த் தெருமுனைச் சாவடிகள் பெருகின. 1995 ஆகஸ்டு 15 அன்று இணையம் இந்தியப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2005 முடிவில் சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை வழியாக ஓர் ஒளியிழைக் கம்பி ஐரோப்பாவை எட்டியது. அது கரையேறும் இடம் எது தெரியுமா? பழைய தபால் கப்பல்கள் புறப்பட்ட அதே மார்செய்!

இவ்விணைப்பின் பயனை 2004 டிசம்பர் 26 அன்று கண்டோம். புதுவைப் பகுதிச் சிற்றூர்களில் 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை அமைத்திருந்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவிப்பர். ஆழிப்பேரலை நாளன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தம் வீட்டைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் கூவ, 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். அதே காலையில் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நல்லவாட்டைக் காத்தது கம்பி மட்டுமன்று. வந்த சொல்லை வாங்கி உரக்கக் கூவிய ஒரு வாயுமாகும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர்க்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றேனும் அமையலாம் என்று வகுத்தது. தனியார் இல்லங்களும் பெருகின. அவற்றுள் ஒன்றில், காரைக்காலில், என் அத்தை 2018-இல் சேர்ந்தார். அவர் மகன் இருப்பது பாரிசு அருகே. அத்தைக்கு இணைய வசதி செய்துதரும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

ரவுட்டர் என்னும் கருவி அலுவலகத்தில் இருந்தது. அத்தையின் அறையோ தாழ்வாரத்தின் கோடியில். பழைய கட்டடத்தின் தடித்த செங்கற்சுவர்கள் மூன்றைக் கடப்பதற்குள் அலை சோர்ந்துவிடும். மேலும் அது செம்புக் கம்பி இணைப்பு. உப்புக்காற்றில் அதன் இணைப்பு முனைகள் அரித்துப் போகும். அவ்வகை இணைப்பில் வரும் வழி அகலம், போகும் வழி குறுகல். ஆகவே மகன் முகம் அத்தைக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகனுக்கோ தாயின் முகம் அசையாத படமாக நின்றது. அத்தை என்னிடம் கேட்டார்: “தம்பி, நான் அவனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறானா?”

ஒளியிழை வரவழைத்து, தாழ்வாரத்தின் நடுவே இரண்டாவது கருவி ஒன்றையும் பொருத்தினோம். அவ்வாண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது, மின்சாரம் நின்றது, எல்லாம் இருண்டன. பழைய தொலைபேசி இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட்டு மின்சாரம் பெற்றதால், வீடு இருண்டாலும் பேசும். புதிய கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இதை முன்பே எண்ணாதது என் பிழை. பிறகு இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, அதில் விசிறியை மாட்டாமல் கருவிகளை மட்டும் மாட்டினோம்.

எல்லாம் அமைந்தும், அழைப்பு வந்தால் திரையைத் தொட்டு எடுத்துத் தருபவர் அங்குள்ள பணிப்பெண்தான். அத்தைக்குக் காது மந்தம். மகன் சொல்வதை அவள் மீண்டும் சொல்வாள். பழைய கடிதம் படிப்பவளே மீண்டும் வந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. காது ஒலிபெருக்கி ஒன்று கிடைத்த நாளில் அத்தை அவளிடம், “கதவைச் சாத்திவிட்டுப் போ, அம்மா” என்றார். அன்று தாயும் மகனும் என்ன பேசினர் என்பது எனக்குத் தெரியாது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. இல்லத்துக்குள் யாரும் போகலாகாது. ஞாயிறுதோறும் மகன் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பான். இங்கே மாலை ஏழரை. மார்ச் 29 ஞாயிறன்று பிரான்சில் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி வைத்தனர். இதை இங்கு யாரும் அறியோம். அழைப்பு ஆறரைக்கே வந்தது. அத்தை அப்போது குளியலறையில் இருந்தார். பணிப்பெண் ஓடிப்போய்க் கதவைத் தட்டி அழைத்து வருவதற்குள் மணி இரு முறை ஒலித்து அடங்கி, மூன்றாம் முறை ஒலித்துக்கொண்டிருந்ததாம். அன்றிரவே அவள் சுவர் நாட்காட்டியில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘ஏழரை’ என்று எழுதி வைத்தாள்.

அந்த ஞாயிறும் வந்தது. அத்தை ஆறரைக்கே முகம் கழுவி, தலை வாரி, திரைக்கு முன் வந்து அமர்ந்துவிட்டார்.